ஏழுமலையின் போட்டுக்கு ஒரு மோட்டார்

அலைச் சத்தமே எட்டாத அம்பத்தூரில் உட்கார்ந்துகொண்டு மீன்பிடி போட்டுக்கு மோட்டார் விற்பதுதான் என் பிழைப்பு. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் பட்டறைகளுக்கு நடுவில் எங்கள் கடை. பழவேற்காடு, எண்ணூர் பக்கமிருந்து ஆட்கள் தேடி வருவார்கள். நீங்கள் துணிக்கடையில் நிற்பவராக இருக்கலாம், மருந்துக்கடையில் நிற்பவராக இருக்கலாம். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிற எல்லாருக்கும் பாடு ஒன்றுதான் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

இங்கே கடல் ஏது?

கடைப் பெயருக்குக் கீழே 'மோட்டார் சேல்ஸ் அண்ட் சர்வீஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாரத்துக்கு ஒருவராவது தண்ணீர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். போன மாதம் நெமிலிச்சேரியிலிருந்து ஒரு பெரியவர், போர்வெல் மோட்டாரை ஸ்கூட்டர் காலடியில் வைத்து ஓட்டி வந்திருந்தார். "ஐயா, இது போட்டுக்கு மாட்டுற மோட்டார்" என்றேன். ஸ்டாண்டில் தொங்கிய மோட்டாரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கீழே இருந்த விசிறியை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"சரி, இங்க யாரு வாங்குறா?" என்று கேட்டார். கடலோரத்து ஆட்கள் வருவார்கள் என்று விளக்கினேன். ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டே சொன்னார்: "அவ்ளோ தூரம் எதுக்கும்மா? மழை பிடிச்சதும் எங்க தெருவுல வந்து கடை போடு. ஊட்டுக்கு ஒண்ணு வாங்குவோம்."

மாமனும் மச்சானும்

ஏழுமலையும் தயாளனும் பழவேற்காட்டிலிருந்து ஒரு டெம்போவில் செத்துப்போன மோட்டாரை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஏழுமலைக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. தயாளன் அவருடைய மனைவியின் தம்பி. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பைபர் போட்டு, அதுவும் பழசு. எங்கள் மெக்கானிக் யூசுப் பாய் மோட்டாரைப் பிரித்து உள்ளே பார்த்தார். உப்பு அடைத்து, சூடேறி, பிஸ்டன் இறுகிக் கிடந்தது. இதற்கு மேல் செலவு செய்ய வேண்டாம், புதுசு பாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

அங்கேதான் சண்டை ஆரம்பித்தது. ஏழுமலைக்கு அதே பழைய மாடல் வேண்டும். அதைக் கம்பெனி நிறுத்திப் பல காலம் ஆகிறது என்றால் நம்பவில்லை, நான் பின்னால் ஒளித்து வைத்திருப்பதுபோல் எட்டி எட்டிப் பார்த்தார். தயாளனோ நேராகப் போய் கடையிலேயே பெரிய இருபத்தைந்து குதிரைத்திறன் மோட்டாரைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். "இதான் மாமா. இது இல்லாட்டி நான் போட்ல ஏறமாட்டேன்." "டேய், நாம மீனுக்குப் போறமா, ரேசுக்குப் போறமா?" குரல் ஏறி, பக்கத்துப் பட்டறையில் லேத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். யூசுப் பாய் கையைத் துடைத்துக்கொண்டு நடுவில் வந்தார்: "மோட்டாரு எங்கயும் ஓடிடாது. போய் ஆளுக்கொரு டீ குடிச்சிட்டு வாங்க. ஒரே கடைல குடிக்காதீங்க."

அளவு

அன்று முடிவாகவில்லை. போட்டின் பின்பலகையில்தான் மோட்டாரை மாட்டுவார்கள். விசிறியைத் தாங்கித் தண்ணீருக்குள் இறங்கும் தண்டுதான் மோட்டாரின் கால். அந்தப் பலகையின் உயரத்துக்குத் தகுந்த கால் நீளத்தில் மோட்டார் எடுக்க வேண்டும். கால் குட்டையாக இருந்தால் விசிறி தண்ணீருக்குப் பதில் காற்றைக் கடையும். நீளமாக இருந்தால் ஆழமில்லாத இடத்தில் மணலைக் கிளறும். "பலகையை மேலேருந்து கீழ வரைக்கும் அளந்து போன்ல சொல்லுங்கண்ணே" என்று ஏழுமலையிடம் சொல்லி அனுப்பினேன்.

போன் வரவில்லை. இரண்டு பேரும் மறுபடி நேரிலேயே வந்து நின்றார்கள். "அளவு எங்கண்ணே?" என்றேன். ஏழுமலை தயாளனைக் காட்டினார். தயாளனின் பேன்ட்டில் முழங்காலுக்குக் கீழே ஒரு சாக்பீஸ் கோடு, இடுப்புக்குக் கீழே ஒரு கோடு. வீட்டில் டேப் இல்லையாம். பலகையோடு ஒட்டி மச்சானை நிற்கவைத்துக் கோடு போட்டுக் கூட்டி வந்துவிட்டார். நான் டேப்பை எடுத்துக்கொண்டு குனிந்தேன். தயாளன் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னான்: "சீக்கிரம் அளங்கக்கா. பழவேற்காட்லேந்து நின்னுகினே வர்றேன். உக்காந்தா அளவு மாறிடுமாம்."

பின்பலகை

பேன்ட்டை நம்பி மோட்டார் தர முடியாது என்று யூசுப் பாய் பழவேற்காட்டுக்கே கிளம்பிவிட்டார். போட்டைப் பார்க்கும் ஆசையில் நானும் தொற்றிக்கொண்டேன். கரையில் ஏற்றி வைத்திருந்த போட்டின் பின்பலகையை அவர் கட்டைவிரலால் அழுத்தினார். அமுங்கியது. பைபருக்கு உள்ளே இருந்த மரத்தில் தண்ணீர் இறங்கி ஊறிப்போயிருந்தது. "இதுல இருபத்தஞ்சு குதிரைய மாட்டினா மோட்டாரு பலகையோட பிச்சிக்கினு போயிடும். அந்த வெயிட்டுக்குப் பின்பக்கம் தாழ்ந்து தண்ணியும் ஏறும்" என்றார். ஏழுமலை யாரையும் பார்க்காமல் போட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். வீட்டில் ஒருவருக்கு நோய் என்று டாக்டர் சொல்லக் கேட்டவர்போல இருந்தது அவர் முகம்.

அப்போதுதான் ஏழுமலையின் மனைவி கஸ்தூரி வந்தார். தம்பி ஏன் பெரிய மோட்டாருக்கு அடம்பிடிக்கிறான் என்று அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஏரித் தண்ணீர் கடலில் சேரும் முகத்துவாரத்தில், அலைக்கு நடுவில் பழைய மோட்டார் நின்றுபோயிருக்கிறது. போட்டு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்துவிட்டது. தயாளனின் தோள்பட்டை கழன்று, மாதக்கணக்கில் தொழிலுக்குப் போகவில்லை. "பெருசா வாங்கினா நிக்காதுன்னு நெனைக்கிறான் பாய்" என்றார். தயாளன் தலையைக் குனிந்துகொண்டான். ஏழுமலையும்தான்.

யூசுப் பாய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். நிற்பதற்கும் பெரிசு சின்னதுக்கும் சம்பந்தம் இல்லை. உள்ளே உப்பு அடைத்ததுதான் காரணம். பலகையைப் பிரித்துப் புது மரம் வைத்து, மேலே பைபர் போட்டு, லேசான பத்து குதிரை மோட்டாரை மாட்டி, கரைக்கு வந்ததும் தினமும் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டிக் கழுவினால் போதும். கழுவுவது யார் என்று மாமனும் மச்சானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கஸ்தூரி முந்தானையைச் செருகிக்கொண்டு சொன்னார்: "இவரு குளிக்கவே நான் நாலு தபா கத்தணும். அதையும் நானே குளிப்பாட்டிடறேன், வுடு."

முகத்துவாரம்

பலகை வேலை முடிந்து, மோட்டார் மாட்டி ஓட்டிப் பார்க்கிற அன்று என்னையும் போட்டில் ஏற்றிவிட்டார்கள். இத்தனை வருடம் மோட்டார் விற்றவள் நான். கடலுக்குள் போனது அன்றுதான் முதல் தடவை. ஏரியில் போகிறவரை சுகமாக இருந்தது. முகத்துவாரம் நெருங்கியதும் தயாளன் இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டான். அலை வரிசையாக எழும்பி வெள்ளையாக உடைந்தது. மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்து ஓட்டிக்கொண்டிருந்த ஏழுமலை சட்டென்று எழுந்து, "மச்சான், நீ புடி" என்று இடத்தை விட்டு நகர்ந்தார். "வேணாம் மாமா." "நான் பக்கத்துலதான் கீறேன். புடி."

தயாளன் பிடித்தான். அதற்கப்புறம் நடந்தது எதையும் நான் பார்க்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, உட்கார்ந்திருந்த பலகையைக் கட்டிப்பிடித்திருந்தேன். போட்டு மேலே ஏறியது, தொம்மென்று விழுந்தது, முகத்தில் உப்புத்தண்ணீர் அறைந்தது. மோட்டார் சத்தம் மட்டும் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஆட்டம் அடங்கியது. தயாளன் சிரிக்கிற குரல் கேட்டது. அந்தப் பையன் சிரித்து நான் கேட்டதும் அன்றுதான் முதல் தடவை. "தாண்டிட்டோம்கா. நீங்க இன்னா, கண்ணைத் தொறக்காமயே ஊட்டுக்குப் போயிடுவீங்களா?"

ஒரு புகார்

ரெண்டு மாதம் கழித்து ஏழுமலையிடமிருந்து போன். மோட்டாரில் கோளாறு என்றார். "நின்னுடுச்சாண்ணே?" இல்லை. "டீசல்... பெட்ரோல் அதிகம் குடிக்குதா?" என்று பதற்றத்தில் உளறினேன். அதுவும் இல்லை, நன்றாகத்தான் ஓடுகிறதாம். பின்னே என்ன என்றால் தயங்கித் தயங்கிச் சொன்னார். பழைய மோட்டார் தூரத்தில் வரும்போதே ஊருக்கெல்லாம் கேட்குமாம். அந்தச் சத்தத்தை வைத்துக் கஸ்தூரி கூடையோடு கரைக்கு வந்து நிற்பாராம். இது பூனை மாதிரி வருகிறது. இவர் வந்து இறங்கினால் கரையில் யாரும் இல்லை.

"வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணுங்களேண்ணே" என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "போன் பண்ணி வரச்சொன்னா நான் கூப்ட்டு வந்தமாதிரி ஆயிடும்மா, அதுவா வந்தமாதிரி இருக்காது. சத்தத்தைக் கொஞ்சம் ஜாஸ்தி பண்ணித் தர முடியுமான்னு பாய கேட்டுச் சொல்லேன்."

குதிரைத்திறன் எத்தனை என்று மோட்டார் மேலேயே எழுதி அனுப்பிவிடுகிறார்கள், அதை வாங்க வருகிற குடும்பம் எப்படிப்பட்டது என்பதைத்தான் நாம் ஒவ்வொரு தடவையும் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.