அப்பா எழுதிய லீவு லெட்டர்

1. 2009ஆம் ஆண்டு. சிதம்பரத்தில் பொறியியல் முடித்தேன். ராணுவ அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வானேன்.
2. கடலூரில் அப்பாதான் பஸ் ஏற்றிவிட்டார்.
3. பயிற்சி மையத்தில் செல்போன் கிடையாது. ஞாயிறு மட்டும் டெலிபோன் பூத்திலிருந்து பத்து நிமிடம் பேசலாம்.
4. பதினோராவது வாரம், செவ்வாய்க்கிழமை. ஓட்டத்துக்கு வரிசையில் நின்ற என்னைப் பெயர் சொல்லி வெளியே அழைத்தார்கள்.
5. அதன் பிறகு பத்து நாள் நான் ஓடவில்லை.

நாலாவதற்கும் ஐந்தாவதற்கும் காரணம் என் அப்பா. நினைத்தால் இன்றும் எனக்குக் காது சூடாகிறது.

ஞாயிறு போனில் அம்மா, சாப்பிட்டாயா என்பதோடு நிறுத்திக்கொள்வார். அப்பா விடமாட்டார். குடிகாடு தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து வந்து, பேனாவும் பழைய காலண்டர் தாளுமாக உட்கார்ந்திருப்பார். எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம், கயிறு ஏறினாயா, காலில் எத்தனை கொப்புளம்? எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. எல்லாம் சொன்னேன். ஒன்பதாவது வாரம், முதுகில் பன்னிரண்டு கிலோ பையோடு பத்து கிலோமீட்டர் ஓடி முடித்ததையும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு அவர், "வண்டில போயி அளந்து பாத்தேம்மா. நம்ம வூட்லேர்ந்து திருவந்திபுரம் போயி திரும்புற தூரம். அரை சிப்பம் அரிசியத் தூக்கினு அவ்ளோ தூரம் ஓட வுடுறானுங்களா?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்திருக்க வேண்டும்.

அந்தச் செவ்வாயன்று அதிகாரியின் மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று அப்பாவின் கடிதம். என் மகளுக்குச் சிறுவயது முதல் மூச்சிரைப்பு உண்டு, ஓட்டத்திலிருந்து விலக்கு தர வேண்டுகிறேன் என்று எழுதியிருந்தார். இன்னொன்று, சிதம்பரத்தில் இருக்கும் அவருடைய டாக்டர் நண்பர் கொடுத்த சான்றிதழ்.

எனக்கு மூச்சிரைப்பு வந்ததே இல்லை. சேரும்போது அப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். நோயை மறைத்துச் சேர்ந்திருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்றார் அதிகாரி. பரிசோதனைக்காக மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

அந்த ஞாயிறு மருத்துவமனை பூத்திலிருந்து பேசினேன்.

"லெட்டர் எழுதினீங்களாப்பா?"

"வந்துடுச்சா?" குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "இனிமே ஓட வேணாம்னுட்டாங்களா?"

"எனக்கு எப்பப்பா மூச்சிரைப்பு வந்துச்சு?"

"பத்தாவது படிக்கறப்ப பி.டி. பீரியடுக்குக் குடுத்தோமே, அதே லெட்டர்தாம்மா. அப்ப மட்டும் இளிச்சினு வாங்கினு போன?"

வாங்கிப் போனேன்தான். வெயிலில் ஓடச் சோம்பல்பட்டு நானே கேட்டு வாங்கிய லெட்டர்கள் அவை. அதைச் சொல்லிக் காட்டியதும் கோபம் தலைக்கேறியது.

"இது ஸ்கூல் இல்லப்பா. என்னைத் தொரத்தப் போறாங்க. அது பொய்னு எழுதிக் குடுங்க."

"டாக்டர் என் சிநேகிதன்மா. அவன் பேரு கெட்டுப்பூடும்."

"அப்ப என் பேரு?" என்று கத்தினேன். பின்னால் காத்திருந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். போனை வைத்துவிட்டேன்.

புதன்கிழமை அப்பா நேரில் வந்தார். நான் சொன்னது பொய், டாக்டரையும் பொய் சொல்லித்தான் எழுத வைத்தேன் என்று எழுதிப் பயிற்சி மைய வாசலில் கொடுத்தார். நீ கேட்டால் ஐந்து நிமிடம் பார்க்க விடுகிறோம் என்று என்னிடம் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. அவர் அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார்.

என் நுரையீரலில் ஒரு குறையும் இல்லை என்று முடிவு வந்தது. வெளியேற்றவில்லை. ஆனால் அந்தப் பத்து நாளில் நடந்த தேர்வுகளைத் தவறவிட்டதால் அடுத்த அணியில் சேர்த்தார்கள். ஆறு மாதம் கூடுதல். என்னோடு வந்த பெண்கள் தோளில் நட்சத்திரம் குத்திக்கொண்ட நாளில், நான் அவர்களின் பெற்றோருக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்பினால் செய்தார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் தெரியும். ஆனாலும் கோபம் குறையவில்லை. வாரா வாரம் நான் ஓடி முடித்ததைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், என்னால் முடியாது என்று எப்படி முடிவு செய்தார்?

இப்போது 2012. நான் ராணுவத்தில் அதிகாரியாக இருக்கிறேன். அப்பாவோடு பேசுகிறேன். எந்த ஊர், என்ன சாப்பாடு, எவ்வளவு குளிர் எல்லாம் சொல்கிறேன். என் மேலதிகாரியின் பெயரையும் முகவரியையும் மட்டும் இதுவரை சொல்லவில்லை.