நான்காவது நகல்

2014-இல் இசக்கிசெல்விக்கு இருபத்தாறு வயது. ஆலங்குளத்துப் பெண்; ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் வேலை. ஆனால் அவள் உயிரெல்லாம் வேறொன்றில் இருந்தது. கண் தெரியாதவர்களுக்குத் தமிழ்ப் பாடங்களை வாசித்துக்காட்டும் மென்பொருளை அவளும் மூன்று நண்பர்களும் இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் எழுதிவந்தார்கள். பொதுவான சர்வர் கிடையாது. நால்வர் கணினியிலும் ஆளுக்கொரு நகல். ஒருவர் ஒரு வரியைத் திருத்தினால் மற்ற மூன்றும் தாமாகவே திருந்திக்கொள்ளும். அந்த ஏற்பாட்டைச் செய்தவள் இசக்கிசெல்விதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு சனிக்கிழமை மதியம் விடுதி அறையில் உட்கார்ந்து, வேண்டாத கோப்புகளைத் துடைக்கப் போனவள், கட்டளையைத் தவறான இடத்தில் கொடுத்துவிட்டாள். பழைய பதிப்புகள் உட்பட மென்பொருள் முழுதும் போயிற்று. பதறிப்போய், நால்வரில் ஒருவனான சண்முகசுந்தரத்துக்கு போன் போட்டாள்.

"இங்கயும் காலியாத்தான் இருக்கு, செல்வி" என்றான்.

லீலாவின் கணினியும் அப்படியே. அழிந்ததையும் ஒரு திருத்தமாக எடுத்துக்கொண்டு அவளுடைய ஏற்பாடு தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது.

மிச்சமிருந்தது படப்பையில் காவேரியின் கணினி. அங்கே அன்று மாதாந்திர மின்தடை. சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் கரண்ட் வரும். அதற்குள் போய் இணையத்தைத் துண்டித்துவிட்டால் அந்த நகலாவது பிழைக்கும். காவேரி ஷிப்டில் இருந்தாள், போன் லாக்கரில்; வீட்டில் வேறு போன் கிடையாது. இசக்கிசெல்வி கிடைத்த ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டாள். படப்பைக்கு முன்பே வண்டி நெரிசலில் நின்றுவிட, இறங்கி ஓடினாள்.

காவேரியின் அம்மா பாஞ்சாலி கதவைத் திறந்தார்.

"அம்மா, கம்ப்யூட்டரப் போட்டுட்டியளா?"

"ஆமாம்மா, கரண்டு சீக்கிரமே வந்துட்ச்சு. வந்தவொடனே போட்டு வையி, அது பாட்டுக்கு அப்டேட் ஆவும்னு காவேரி சொல்லிக்கினே இருப்பா. இன்னா, இப்டி மூச்சு வாங்குது உனுக்கு?"

உள்ளே பாய்ந்து, இணையத்துக்காகச் செருகியிருந்த டேட்டா கார்டைப் பிடுங்கினாள். கோப்புறையைத் திறந்தாள். ஒன்றுமில்லை.

தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். ஊரில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பாஞ்சாலி பயந்துபோனார். "யாருக்கும் ஒண்ணுமில்லம்மா. நாந்தான் எல்லாத்தையும் அழிச்சுட்டேன்."

ஷிப்ட் முடிந்து வந்த காவேரி காலிக் கோப்புறையைத் தானும் ஒருமுறை திறந்து பார்த்தாள். பிறகு, "நாலு பேருந்தான் அது தானா ஓடட்டும்னு வுட்டோம். நீ மட்டும் இன்னாத்துக்குத் தலைல போட்டுக்கினு அழுவுற?" என்றாள். அந்த ஆறுதல் இசக்கிசெல்விக்கு ஒட்டவேயில்லை.

சென்னையில் இரண்டு கடைகளில் ஹார்ட் டிஸ்கைக் கொடுத்துப் பார்த்ததில் உடைந்த கோப்புகள் சில மட்டும் தேறின. சண்முகசுந்தரம் விலகிக்கொண்டான். பெண்கள் மூவரும் முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்கள். அழிப்பது எதுவானாலும், இன்னொருத்தி சம்மதித்தால்தான் மற்ற நகல்களுக்குப் போகும்படி இசக்கிசெல்வி மாற்றிவைத்தாள். ஒரு வருடம் கழித்தும் பழையதில் பாதியைத்தான் எட்டியிருந்தார்கள். சம்மதம் கேட்டு அந்தக் கேள்வி திரையில் வரும்போதெல்லாம் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் அவள் பொத்தானை அழுத்துவாள்.