ஒன்பதாவது எண்

என் மனைவியின் அண்ணன் தன் நிழலையே நம்பாத மனிதர். தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் வேலை. வீட்டில் பேனா காணாமல்போனால் முதலில் என்னைப் பார்ப்பார், பிறகுதான் மேசைக்கு அடியில் தேடுவார்.

அருங்காட்சியகத்தில் இருந்த ஒரு கப்பல் கேப்டனின் கடிதத்தில்தான் அவர் உயிர் இருந்தது. இருநூறு வருடம் பழையது, பக்கம் முழுக்க எண்கள். யாராலும் படிக்க முடியவில்லை. படமெடுக்க விடமாட்டார்கள் என்பதால் கால்கடுக்க நின்று கையால் பிரதி எடுத்துவந்தார்.

அதே கிறுக்குப் பிடித்த இன்னொருவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், மச்சானுக்கு இருந்த ஒரே நண்பர். கால் சரியில்லாதவர், அதனால் ஒரு பிரதி கேட்டார். மச்சானும் எழுதிக் கொடுத்தார், முதல் வரியில் ஒன்பதாவது எண்ணை வேண்டுமென்றே விட்டுவிட்டு.

"நாளைக்கு என் பிரதியை வச்சுக்கிட்டு நானே கண்டுபிடிச்சேன்னு சொன்னார்னா, கையும் களவுமா பிடிக்கணும்ல?" என்றார் என்னிடம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருப்பது ஒரு நண்பர், அவருக்கும் பொறியா?

பதினோரு வருடம் ஞாயிறுதோறும் கடையின் பின்னறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். மச்சான் தன் தாளைக் கையால் மறைத்தபடியே எழுதுவார். அங்கே புதுப் பூட்டு ஒன்றைக் கண்டால், "எதை ஒளிக்கிறார்?" என்று வீட்டுக்கு வந்து குடைவார்.

போன மாதம் யாரோ ஒரு வெளியூர்ப் பெண் கடிதத்தைப் படித்துவிட்டாள். பத்திரிகையில் விவரம் வந்தது. ஒரு சொல்லை எண்களுக்கு மேல் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே போக வேண்டும்; மேலே வரும் எழுத்தை வைத்துத்தான் கீழே உள்ள எண்ணைப் படிக்க முடியும். சட்டையில் ஒரு பட்டன் மாறினால் கடைசிவரை கோணல்தானே, அப்படி ஒரு எண் விடுபட்டாலும் அதற்குப் பிறகு எல்லாம் உளறல்.

நானும் மச்சானும் கடைக்குப் போனோம். கடைக்காரர் பழைய நோட்டு ஒன்றை விரித்தார். பத்திரிகையில் வந்த அதே சொல், ஐந்து வருடத்துக்கு முந்தைய தேதி.

"முதல் ரெண்டு வார்த்தை வந்துச்சு. அப்புறம் ஒண்ணுமே புரியலை. ஏதோ தற்செயல்னு விட்டுட்டேன்."

"பிரதியில தப்பு இருக்கும்னு தோணலையா?" என்றேன்.

"இவர் எழுதினதுலயா? மீட்டர்ல ஒரு எண்கூட தப்பா எழுதாத மனுஷன். அந்தச் சந்தேகமே வரலைங்க."

மச்சான் தன் தாளை எடுத்து, முதன்முறையாக மறைக்காமல் மேசைமேல் வைத்தார். இரண்டையும் ஒப்பிட்ட கடைக்காரரின் விரல் ஒன்பதாவது எண்ணில் நின்றது.

"கைதவறி விட்டுப்போச்சுன்னு சொல்லுங்க," என்றார். "நம்பிடறேன்."

மச்சானால் சொல்ல முடியவில்லை.