மூச்சை விடப் பழகியது

போரால் இடம்பெயர்ந்து தண்ணீரூற்று என்ற ஊரில் இருந்தபோது, ஒரு காலை கிணற்றடியில் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றினேன். மூச்சு நின்றுவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டேன். அதன் பிறகு ஈரத்துணியால் உடம்பைத் துடைப்பதோடு சரி.

"முல்லைத்தீவுச் சுழியோடி வாளித் தண்ணிக்குப் பயப்பிடுறாரெண்டால் மீனெல்லாம் சிரிக்கும்," என்றாள் மனைவி. என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். நான் கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பவன். தண்ணீருக்குள் இறங்காவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

காரணம் எனக்குத் தெரியும், யாருக்கும் சொல்லவில்லை. நான் அதிகம் கதைப்பவன் அல்ல. ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன்.

வைத்தியர் பரிசோதித்துவிட்டு நெஞ்சில் குறையில்லை என்றார். இது மனவடு (மனத்தில் ஆறாமல் நின்றுவிட்ட காயம்) என்றார். மூன்று வழிகள் சொன்னார்: நித்திரைக்குக் குளிசை (மாத்திரை), பாதிக்கப்பட்டவர்கள் கூடியிருந்து கதைக்கும் குழு, மூச்சுப் பயிற்சி.

குளிசை போட்டால் பகலிலும் தலை தொங்கியது. குழுவில் என் முறை வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டேன். மிஞ்சியது மூச்சுப் பயிற்சி. அதற்கு ஓர் உளவளத்துணையாளரிடம் (மன வேதனையைக் கேட்டு வழிகாட்டப் பயின்றவர்) அனுப்பினார்கள். என்னைவிட இளைய பெண்.

"கண்ணை மூடுங்கோ அண்ணை. மூச்சை உள்ளை இழுத்து வைச்சிருங்கோ."

வைத்திருந்தேன். திடீரென்று, அவர் பதறி எழுந்ததில் கதிரை விழும் சத்தம். அவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஐயோ அண்ணை, விடுங்கோ! மூண்டு எண்ணுற நேரந்தான் கேட்டனான்!"

"அதை நீங்கள் சொல்லேல்லையே, தங்கச்சி. சங்குக்கு இறங்கினால் நாங்கள் நூறு தாண்டுவம்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு முடியுமுன் அழுகை வந்தது.

"அண்டைக்கும் இப்பிடித்தான் வைச்சிருந்தனான்," என்றேன். எங்கள் வள்ளத்தின் மேல் துப்பாக்கிச் சூடு விழுந்தபோது நான் தண்ணீருக்குள் இருந்தேன். சத்தம் அடங்கும்வரை மேலே வரவில்லை. வந்தபோது வள்ளத்தில் இருந்த என் தம்பி இறந்து கிடந்தான்.

அவர் விழுந்த கதிரையை நிமிர்த்தி, என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"பிழை என்ரைதான், அண்ணை. அடக்கிறதை நீங்கள்தான் எனக்குப் பழக்கவேணும். உங்களுக்கு வேண்டியது விடுறது. இனி எப்பிடிச் செய்வமெண்டு நீங்களே சொல்லுங்கோ."

படித்த ஒருவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை. அவரைப் போல் பிழையை ஒப்புக்கொள்பவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

"குழு வேண்டாம். உங்களோடை மட்டுமெண்டால் கதைக்கிறன்," என்றேன். குளிசையை வைத்தியர் படிப்படியாகக் குறைத்தார்.

இதை வாசிக்கும் உங்களுக்குக் குழுவே பொருந்தலாம். என்னோடு வந்த ஒருவர் அங்கேதான் தேறினார். எது பொருந்தவில்லையோ, அதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பல மாதங்கள் எடுத்தன. கையை நனைத்து மூச்சை விட்டேன். பிறகு முகத்தை நனைத்தேன். ஒரு நாள், மனைவி கரையில் நிற்க, களப்பில் (கடலையொட்டிய ஆழமற்ற நீர்ப்பரப்பில்) மூழ்கி இருபது எண்ணி எழுந்தேன். சங்குக்கு இனி இறங்குவதில்லை. நெஞ்சளவு தண்ணீரில் நின்று வலை வீசுகிறேன். அடுப்பு எரிகிறது.

தம்பி இருபத்தாறு வயதிலேயே நிற்கிறான். எனக்குத்தான் வயது ஏறுகிறது. அதை நினைத்தால் நெஞ்சு இன்னும் இறுகும். முன்பு இறுக்கம் மட்டுமே தெரியும். இப்போது, மெல்ல விட்டால் அது இளகுவதும் தெரிகிறது.