தோளில் சுமந்தவள்

நான் பொய் சொன்னேன். 'ஓம்', அதாவது ஆமாம் என்ற ஒரே ஒரு சொல்... அந்தச் சொல்லால் ஒரு தாயிடமிருந்து மகளைப் பறித்தேன்.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். அரியாலையில் எங்கள் சனசமூக நிலையம் அன்னையர் விழா எடுக்கும்போதெல்லாம் பாராட்டு மடல் எழுதி வாசிப்பது நான்தான். சில ஆண்டுகளுக்கு முன் பரிமளத்தைத் தெரிவு செய்தார்கள். தனியொருத்தியாக, வீடு வீடாக இறால் விற்று, மகள் சுகந்தியைப் படிப்பித்து ஆஸ்பத்திரித் தாதியாக்கியவள்.

குறிப்பெடுக்கப் போனேன். "பிள்ளை எந்த ஆஸ்பத்திரியிலை பிறந்தது?" என்று சும்மாதான் கேட்டேன். அவள் முகம் கறுத்தது.

"வயித்திலை சுமக்கேல்லை மாஸ்டர், தோளிலைதான் சுமந்தனான். பெத்தவள் என்ரை சிநேகிதி. பெறேக்கையே செத்துப்போனாள். உதை எழுதிப்போடாதேங்கோ. பிள்ளைக்குத் தெரியாது. நேரம் பாத்து நானே சொல்லுவன்."

"எழுதமாட்டன்" என்றேன்.

எழுதினேன்! 'தோளிலைதான் சுமந்தனான்' என்ற அந்த வரி என்னை விடவில்லை... காலமெல்லாம் கட்டுரை திருத்திய எனக்கு அப்படியொரு வரி வாய்த்ததேயில்லை. மேடையில் அதை வாசித்தபோது மண்டபமே எழுந்து கைதட்டியது. சுகந்தி மட்டும் எழவில்லை.

கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தாள்.

"மாஸ்டர், அம்மாவோ உதை வாசிக்கச் சொன்னவ?"

பக்கத்தில் நிலையத் தலைவர் நின்றார். என் மதிப்புத்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

"ஓம்."

"ஐயோ, இல்லை மோனை! நான் சொல்லேல்லை!" என்று பின்னாலேயே வந்த பரிமளம் பதறினாள்.

"படிச்ச மனிசன் பொய் சொல்லுவாரே அம்மா? ஊருக்குச் சொல்ல வாய் வந்தது... எனக்குச் சொல்ல வரேல்லை, என்ன?"

பரிமளம் என்னைப் பார்த்தாள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் கேளாத பொன்னாடையைப் போர்த்திவிட்டு, அவளுக்கென்று இருந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டேனே!

சுகந்தி இப்போது மானிப்பாயில் அறை எடுத்து இருக்கிறாள். வீட்டுப் பக்கம் வருவதில்லை. ஒருநாள் பரிமளம் என் வீட்டு வாசல் படலையடியில் வந்து நின்றாள்.

"கைதட்டு நல்லா விழுந்தது, என்ன மாஸ்டர்? ஒருக்கால் அவளிட்டைப் போய் உண்மையைச் சொல்லுங்கோவன்."

மானிப்பாய்க்குப் போகவென்று இரண்டு தடவை பஸ் ஏறினேன். இரண்டு தடவையும் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தோடு திரும்பிவிட்டேன். ஏன்? இந்த வயதில் பொய்யனாகிவிடுவேன் என்ற பயமா? பொய்யனாகி எவ்வளவு காலம்!

இவ்வருட விழாவுக்கும் மடல் கேட்டிருக்கிறார்கள். மறுக்கவில்லை... மறுத்தால் காரணம் கேட்பார்கள்.

உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்வது இலகுவாகத்தான் இருந்தது. நீங்கள் சுகந்தி இல்லையே!