கருந்துளையைத் தேய்க்கப் போனவள்

போன வாரம் புதுவாயலில் ஒரு பழைய இரும்புக் கடை. கடைக்காரர் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியைக் கம்பியின் மேல் அழுத்தினார். உடனே திரையில் இரும்பு எத்தனை சதவீதம் என்று வந்துவிட்டது. கோடு எங்கே என்று கேட்டேன். "இன்னா கோடும்மா?" என்றார். எனக்கு ஜமீலாக்கா ஞாபகம் வந்துவிட்டது.

இரண்டாயிரங்களில் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அக்கா பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம், நான் ஆரம்பாக்கம். உலையிலிருந்து வரும் துண்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கி எக்ஸ்-கதிர் இயந்திரத்தில் வைத்தால், ஒவ்வொரு உலோகமும் தனக்கான இடத்தில் ஊசியாக ஒரு கோடு காட்டும். கோடு கோணினால் எங்களுக்கு ஒரே சட்டம்தான்: துண்டு அழுக்கு, மறுபடி தேய். இரும்பைச் சந்தேகப்படும் வழக்கமே இல்லை. தேய்க்கிற கல்லின் கருகல் வாசனை மதியச் சோற்றிலும் இருக்கும்.

எனக்கோ வானத்தின் மேல் ஆசை. அஞ்சல் வழியில் இயற்பியல் எம்.எஸ்சி. முடித்து, விண்ணியல் ஆராய்ச்சிப் படிப்புக்கான நேர்முகத் தேர்வு வரை போய்விட்டேன். அந்த இடம் கிடைத்தால் தேய்க்கிற கல்லுக்குக் கும்பிடு போட்டுவிடலாம். தேர்வு அன்றைக்கு என் வேலையையும் அக்காவே சேர்த்துப் பார்த்தார்.

தேர்வில் ஒரு பேராசிரியர் வரைபடத்தை நீட்டினார். எங்கோ ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவே, கருந்துளையைச் சுற்றும் பொருளிலிருந்து வந்த எக்ஸ்-கதிர். பார்த்தால் நம்ம இரும்புக் கோடு! வெளியூரில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி பூரித்துப் போனேன். ஆனால் அது ஒரு பக்கம் சரிந்து, வால் நீண்டு கிடந்தது. ஏன் இப்படி என்றார்.

"சாம்பிள் அழுக்கு சார். தேய்ச்சிட்டு மறுபடி வைக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். இடம் கிடைக்கவில்லை.

மறுநாள் அழுதபடியே அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சோற்று டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினார். "இதுக்கா அழுதுகினு கீற? அவ்ளோ தூரம் போய் தேய்க்க அவங்களுக்கு வக்கில்ல. உன்மேல பழிய போட்டுட்டாங்க."

அதற்கப்புறம் தினமும் காலையில் நான் உள்ளே நுழைந்ததும் ஒரே கேள்விதான்: "இன்னாடி, கருந்துளைய தேய்ச்சிட்டியா?" பேஜாராக இருக்கும், சிரிப்பும் வந்துவிடும். அந்தக் கேள்வி இல்லையென்றால் அந்த வருஷம் நான் வேலைக்கே போயிருக்க மாட்டேன்.

ஆலையை மூடி, அந்த இயந்திரத்தையும் எடைக்குப் போட்டுவிட்டார்கள். சரியான பதில் இப்போது எனக்குத் தெரியும். அது அழுக்கில்லை. கருந்துளைக்கு அத்தனை கிட்டத்தில் அந்த இரும்பு சுற்றுகிற வேகமும், துளையின் ஈர்ப்புப் பிடியிலிருந்து ஏறி வருவதற்குள் ஒளி படுகிற பாடும்தான் கோட்டை அப்படி இழுத்துவிடுகின்றன. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அக்கா காலமாகிவிட்டார். தேய்த்துவிட்டாயா என்று கேட்க இப்போது யாரும் இல்லை.