பூஜை போட்ட சர்வரைத் தொட்ட கதை

சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு, வெளியே நின்று கதவை இழுத்துச் சாத்தியவன் நான். கருப்புத் திரையில் கட்டளை தட்டி சர்வரை மேய்ப்பது எப்படி என்று மாணவர்களுக்கு வகுப்பு எடுப்பவனும் நானேதான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கல்லூரி நாகமலை புதுக்கோட்டையில். சர்வர் இருப்பது கொட்டாம்பட்டிக் கிளையில். அன்று ஆயுத பூஜை. விடுமுறை முடிந்ததும் தேர்வு. மாணவர்கள் அன்று மாலைக்குள் ஹால் டிக்கெட்டை இறக்கிக்கொண்டாக வேண்டும். அதற்காக நானும் என்னோடு வேலை பார்க்கும் பெண்மணியும் வந்திருந்தோம். எங்கள் இருவரின் லேப்டாப்பை மட்டும் பூஜைக்கு வைக்காமல் ஒதுக்கியிருந்தோம்.

யாரோ வெளியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டு சர்வருக்குள் நுழையப் பார்ப்பது தெரிந்தது. சர்வரின் வாசல் காவலான ஃபயர்வாலை இறுக்கிவிடலாம் என்றேன். அவர் தன் லேப்டாப்பில் ஏதோ தட்டிவிட்டுத் தலையாட்டினார்.

என்னிடம் இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரி: ஒருவரையும் உள்ளே விடாதே. இரண்டாவது: என்னையும் மாணவர்களையும் விடு. முதல் வரிக்கு என்டர் தட்டினேன். சர்வர் சொன்ன பேச்சைக் கேட்டு என்னையும் வெளியே தள்ளியது. இரண்டாவது வரி போய்ச் சேர வழியே இல்லை.

கொட்டாம்பட்டி வாட்ச்மேனுக்குப் போன் போட்டு, சர்வரை ஒரு தடவை அணைத்துப் போடச் சொன்னேன். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆகிவிட்டதாம்.

"பூஜை போட்ட சாமான்ல நாளைக்கு வரைக்கும் கை வைக்கக் கூடாது சார். நீங்க வேணா வந்து தொட்டுக்கங்க."

பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதற்குள் ஹால் டிக்கெட் வரவில்லை என்று மாணவர்களின் போன்கள் வரத் தொடங்கின. கல்லூரி முதல்வரிடம் சாக்குச் சொல்ல இடி, மழை என்று யோசித்தேன். வெளியே வெயில் கொளுத்தியது.

என்னோடு இருந்த பெண்மணி பொரிகடலையை மென்றுகொண்டே, "பொறுங்கண்ணே, வந்துரும்" என்றார்.

வந்தது. செத்துக் கிடந்த திரையில் சர்வரின் பதில்கள் ஒவ்வொன்றாக விழுந்தன.

நான் வாயைத் திறந்ததுமே அவர் சர்வரில் தட்டியிருந்தது ஒரே வரி: shutdown -r +15. பதினைந்து நிமிடத்தில் தானாக அணைந்து எழுந்துகொள் என்று அர்த்தம். நான் போட்ட முதல் வரியை இன்னும் சேமித்திருக்கவில்லை. அதனால் தூங்கி எழுந்த சர்வர் அதை மறந்திருந்தது. வேலை ஒழுங்காக முடிந்திருந்தால் shutdown -c என்று தட்டி, சத்தமில்லாமல் ரத்து செய்திருப்பார். எனக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை.

தலையணை தலையணையாகக் கட்டளைப் புத்தகங்கள் படித்திருக்கிறேன். அடுத்தவன் செய்யப்போகும் தப்பை முன்கூட்டியே மன்னித்து வைக்கும் கட்டளை ஒன்று அவற்றில் இருந்ததாக நினைவில்லை. இருந்திருக்கும், நான்தான் பக்கத்தைத் தள்ளியிருப்பேன்.

இரண்டாவது வரியை முதலில் போட்டு வேலையை முடித்தேன். சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் ஹால் டிக்கெட் கிடைத்தது. கிளம்பும்போது மனசு நிறைந்து கேட்டேன், சர்வரைத் தொடும்போதெல்லாம் இப்படி ஒரு காப்பு போட்டுவிட்டுத்தான் தொடுவீர்களா என்று.

"இல்லண்ணே. நீங்க தொடுறப்ப மட்டுந்தேன்."